கூம்புச் சங்குப் பெப்டைடுகள்: மறுகரைப்புக் கணக்கும் ஊசிக்குழல் அளவும்

ஆய்வுச் சுருக்கம்

மன்னார் வளைகுடாக் கரையில் கிடைக்கும் கூம்புச் சங்குகளின் நஞ்சிலிருந்து பிரிக்கப்படும் பெப்டைடுகள் நரம்பியல் ஆய்வில் பயன்படுகின்றன. உலர்தூளாக வரும் இவற்றைக் கரைசலாக்கும்போது இரண்டு எண்கள் ஆய்வாளரைத் தவறான வழிக்கு இழுக்கின்றன. ஒன்று குப்பியின் மேல் அச்சிட்ட எடை. மற்றொன்று இன்சுலின் ஊசிக்குழலின் மேல் அச்சிட்ட யூனிட். முதலாவது பெப்டைடின் எடை அன்று; இரண்டாவது எடையே அன்று. இவ்விரண்டையும் எவ்வாறு படிப்பது என்பதை இக்கட்டுரை கணக்கு வழியே விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கூம்புச் சங்கு, பெப்டைடு, மறுகரைப்பு, செறிவு, ஊசிக்குழல், மணப்பாடு

கரையிலிருந்து ஆய்வகத்திற்கு

திருச்செந்தூருக்குத் தெற்கே, மணல்மேடு கடலுக்குள் நீண்டு நிற்கும் மணப்பாடு, பழைய முத்துக்குளித்துறை ஊர்களுள் ஒன்று. இக்கரையோரக் கடலில் கூம்புச் சங்கினங்கள் பல வாழ்கின்றன. அடியில் விரிக்கும் வலைகளில் மீனோடு ஏறிவரும் இவற்றின் ஓட்டழகுக்காக வாங்குவோர் உண்டு. சங்கின் உள்ளே இருக்கும் நச்சுக்குழாயே ஆய்வாளருக்கு வேண்டியது. இரையைக் குத்தும் அம்புபோன்ற பல்லின் வழியே இவ்வுயிரி செலுத்தும் நஞ்சு, சிறுசிறு பெப்டைடுகளின் கலவையாகும்.

இந்தியாவின் தென்கிழக்குக் கரையில் திரட்டப்பட்ட கோனஸ் அமாடிஸ் என்னும் இனத்திலிருந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பி. பலராம், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. எஸ். கிருஷ்ணன் உள்ளிட்ட குழுவினர் 26 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடைப் பிரித்து, அது சோடியக் கால்வாயின் செயலை மாற்றுகிறது என 2003இல் வெளியிட்டனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ஏஎம் 2766. பெயரிலுள்ள எண் அதன் மூலக்கூறு நிறையைக் குறிக்கிறது. ஆகவே கரைசற் கணக்குக்கு வேண்டிய முதல் எண் பெயரிலேயே இருக்கிறது.

பல சங்குகளைத் திரட்டினாலும் நஞ்சிலிருந்து கிடைக்கும் தூய பெப்டைடு மிகச் சிறிது. எனவே வரிசை தெரிந்தபின் அதைச் செயற்கையாகத் தொகுத்து, உறையவைத்து உலர்த்திய தூளாக்கிப் பயன்படுத்துவது வழக்கம். குப்பியின் அடியில் வெண்படலமாக ஒட்டியிருக்கும் அத்தூளிலிருந்தே கணக்கு தொடங்குகிறது.

குப்பியின் மேல் உள்ள எடை

'1 மி.கி.' என்று எழுதப்பட்ட குப்பியில் 1 மி.கி. தூள் இருக்கலாம், 1 மி.கி. பெப்டைடு இருப்பதில்லை. தூய்மைப்படுத்தும்போது பயன்படும் ட்ரைஃபுளோரோ அசிட்டிக் அமிலம் பெப்டைடின் காரத்தன்மையுள்ள இடங்களில் உப்பாகப் பிணைந்து உடன் வருகிறது. கொஞ்சம் ஈரமும் தங்கிவிடுகிறது. அமிலம் எவ்வளவு என்பதை அமினோ அமில வரிசையைக் கொண்டே ஏறத்தாழக் கணிக்கலாம். ஏஎம் 2766இல் ஒரு லைசினும் ஒரு முனை அமீனும் ஆக இரண்டு காரத்தன்மை இடங்கள் உள்ளன. அவ்வமிலத்தின் நிறை 114. எனவே 2766உடன் 228 சேர, மொத்தத்தில் ஏறத்தாழ 8 விழுக்காடு உப்பின் பங்காகிறது.

இதனோடு கோனஸ் மேகஸ் என்னும் வேறொரு சங்கினத்தின் எம்விஐஐஏ பெப்டைடை ஒப்பிடுவது நல்லது. அதன் நிறை 2639. அதில் நான்கு லைசின், இரண்டு ஆர்ஜினின், ஒரு முனை அமீன் என ஏழு இடங்கள் உள்ளன. ஏழிலும் அமிலம் பிணைந்தால் 798 கூடும். தூளின் எடையில் 23 விழுக்காடு வரை பெப்டைடு அல்லாததாகிவிடும். ஒரே எடை எழுதிய இரு குப்பிகளில் பெப்டைடின் அளவு இவ்வளவு வேறுபடலாம் என்பதால், எல்லாவற்றுக்கும் ஒரே கழிவு போடும் பழக்கம் ஏற்கத்தக்கதன்று. தயாரிப்பாளரின் பகுப்பாய்வுச் சான்றிதழில் 'நிகரப் பெப்டைடு அளவு' தனியே குறிக்கப்பட்டிருந்தால் அதையே கொள்ள வேண்டும். 'தூய்மை 98 விழுக்காடு' என்பது வேறு செய்தி. குப்பியிலுள்ள பெப்டைடுகளுக்குள் நமக்கு வேண்டியது எத்தனை பங்கு என்பதையே அது கூறும், உப்பையும் ஈரத்தையும் அது கணக்கில் கொள்வதில்லை. மாணவர் பலர் மயங்குமிடம் இது.

எடையை மட்டும் கண்டு மதிப்பிடக்கூடாது என்பது இக்கரைக்குப் புதிதன்று. முத்து வணிகர் முத்துகளைப் பருமன்வாரியாகச் சலித்து, மஞ்சாடி எடையில் நிறுத்து, அவ்வெடையின் வர்க்கத்தை எண்ணிக்கையால் வகுக்கும் 'செவ்வு' என்னும் கணக்கால் விலை கண்டனர். தராசு காட்டியது கணக்கின் தொடக்கம் மட்டுமே.

கரைக்கும் கணக்கு

ஏஎம் 2766 தூள் 1 மி.கி. உள்ளது; அதன் நிகரப் பெப்டைடு அளவு 85 விழுக்காடு என எடுத்துக்கொள்வோம். 0.5 மி.லி. நீர் விட்டுக் கரைத்தால்,

0.85 மி.கி. ÷ 0.5 மி.லி. = 1.7 மி.கி./மி.லி.

லிட்டருக்கு 1.7 கிராம் என்பதும் இதுவே. இதனை 2766ஆல் வகுக்க, 0.000615 மோலார், அதாவது 615 மைக்ரோமோலார் கிடைக்கும். 10 மைக்ரோமோலார் செறிவில் 1 மி.லி. (1000 மைக்ரோலிட்டர்) கரைசல் வேண்டுமெனில்,

10 × 1000 ÷ 615 = 16.3 மைக்ரோலிட்டர்

எடுத்து மீதியை நீர்த்திரவத்தால் நிரப்ப வேண்டும். குப்பியின் எடையை அப்படியே நம்பியவர் செறிவை 723 மைக்ரோமோலார் எனக் கொண்டு 13.8 மைக்ரோலிட்டர் எடுப்பார். அவர் கையிலுள்ளது 10 அன்று, 8.5 மைக்ரோமோலார் கரைசலே. கால்வாயைப் பாதி அடைக்கத் தேவையான செறிவை அளப்பதே ஆய்வின் நோக்கமாயின், இப்பிழை முடிவுக்குள் நேராக நுழைந்துவிடும். எத்தனை முறை திரும்பச் செய்தாலும் வெளிப்படாது.

கரைசலின் ஒளி உறிஞ்சுதலை 280 நானோமீட்டரில் அளந்து சரிபார்க்கலாமே எனத் தோன்றலாம். ஏஎம் 2766இல் டிரிப்டோஃபனும் இல்லை, டைரோசினும் இல்லை. அந்த அலைநீளத்தில் அது ஏறக்குறைய ஊமை. அமினோ அமிலப் பகுப்பாய்வே நம்பகமானது.

செய்முறையில் சில: குளிரிலிருந்து எடுத்த குப்பி அறை வெப்பத்திற்கு வந்தபின் திறந்தால் ஈரம் படியாது. திறக்குமுன் சற்றே சுழற்றினால் மூடியில் ஒட்டிய தூள் அடிக்கு வரும். நீரைச் சுவரோரமாக விட்டு, குலுக்காமல் கரைக்க வேண்டும்.

ஊசிக்குழலின் கோடுகள்

நுண்ணளவுக் குழாய் கைவசம் இல்லாத இடங்களில் இன்சுலின் ஊசிக்குழலைக் கொண்டு அளப்பது உண்டு. அதன் கோடுகள் யூனிட்டைக் குறிக்கின்றன. யூனிட் என்பது இன்சுலினின் செயல்திறனுக்கான அளவு. வேறு பெப்டைடுக்கு அதில் பொருளே இல்லை. கோடு சொல்வது கன அளவை மட்டுமே.

அந்தக் கன அளவும் குழலுக்குக் குழல் மாறும். பல நாடுகளில் மி.லி.க்கு 100 யூனிட் கொண்ட இன்சுலினே வழக்கில் இருக்க, இந்தியாவில் 40 யூனிட் குப்பிகளும் அவற்றுக்குரிய குழல்களும் இன்றும் விற்பனையில் உள்ளன. சிவப்பு மூடியுள்ளது 40க்குரியது. ஆரஞ்சு மூடியுள்ளது 100க்குரியது. முன்னதில் ஒரு யூனிட் 0.025 மி.லி.; பின்னதில் 0.01 மி.லி. வெளிநாட்டுச் செய்முறையில் '10 யூனிட்' என்று கண்டதை இங்குள்ள சிவப்பு மூடிக் குழலில் எடுத்தால், 0.1 மி.லி.க்கு மாறாக 0.25 மி.லி. வந்து சேரும். நம் கரைசலில் அது 0.17 மி.கி.க்கும் 0.425 மி.கி.க்கும் உள்ள வேறுபாடு, இரண்டரை மடங்கு. ஆகவே குறிப்பேட்டில் யூனிட் என்று எழுதாமல் மி.லி. என்றே எழுத வேண்டும். மேலே கண்ட 16.3 மைக்ரோலிட்டரை எந்த இன்சுலின் குழலாலும் அளக்க முயலக்கூடாது. ஆரஞ்சு மூடிக் குழலிலேயே ஒரு யூனிட் 10 மைக்ரோலிட்டர்.

மருந்தாக மாறிய இடத்தில் இந்த எண்கள் எவ்வளவு நுண்ணியவை என்பதற்கு எம்விஐஐஏ சான்று. ஸிகோனோடைடு என்னும் பெயரில் அது கடும் வலிக்கான மருந்தாக 2004 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தண்டுவட நீருக்குள் எந்திர விசைக்குழாய் வழியே மருத்துவர் செலுத்துவது அது. தொடக்க அளவு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராமுக்கு மிகாது. மி.லி.க்கு 25 மைக்ரோகிராம் கொண்ட கரைசலில் இது 0.096 மி.லி.; 100 மைக்ரோகிராம் கொண்டதில் 0.024 மி.லி. மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் மாற்றிப் படித்தால் பிழை ஆயிரம் மடங்கு. 'ஆய்வுக்கு மட்டும்' என விற்கப்படும் தூள்களை உடலில் ஏற்றிக்கொள்வோர் இக்கணக்கைச் சரியாகவே போட்டாலும், அத்தூள் கிருமிநீக்கம் செய்யப்பட்டதா, அதில் பாக்டீரிய நச்சு எஞ்சியுள்ளதா என்பவற்றுக்குக் கணக்கில் விடை கிடையாது.