நாடாவிலிருந்து கணினிக்கு: ஒளிப்பதிவுகளைப் பெயர்த்தலும் பதிப்பித்தலும்

ஓலைச்சுவடிகளில் இருந்த நூல்களை அச்சுக்குக் கொண்டுவந்த பெரியோர் இரு தொழில்களைச் செய்தனர். ஏட்டில் உள்ளதை உள்ளவாறே பிரதி செய்தல் ஒன்று. அப்பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடம் ஆராய்ந்து பதிப்பித்தல் மற்றொன்று. 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை முதலியோரின் உழைப்பை அறிந்த எவரும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளார். பிரதி செய்வோன் தன் விருப்பம்போல் ஒரு வரியை விடுவானாயின், பின்வரும் பதிப்பாசிரியர் எத்துணைப் புலமையுடையராயினும் அவ்வரியை மீட்டல் அரிது.

நம் தலைமுறைக்கும் இத்தகைய ஏடுகள் உள. கையடக்க வீடியோக் கமராக்களாற் பதிவு செய்யப்பெற்று, வீட்டு அலுமாரிகளிற் கிடக்கும் நாடாக்களே அவை. அவற்றைக் கணினிக்குப் பெயர்த்துத் தொகுக்க விரும்புவோர் பலர். ஆயின், பெயர்த்தலையும் தொகுத்தலையும் ஒரே வேலையாக எண்ணிக் கெடுப்போரும் பலர். அடியேனும் அவர்களுள் ஒருவன். 2001ஆம் ஆண்டில் எமது இல்லத்தில் நிகழ்ந்த திருமணம் ஒன்று இலக்கமுறை நாடாவிற் பதிவாயிற்று. படப்பிடிப்பாளர் அதனைச் சுருக்கி இரண்டு வீடியோ சீ.டி.க்களில் தந்தார். மூல நாடாக்கள் வேண்டுமா என அவர் வினவியபோது, வேண்டா என்றோம். இன்று அச்சீ.டி.யைக் கணினித் திரையில் நோக்கின், மணவறைக்கு அருகே நிற்கும் அன்னையாரின் முகம் சிறு சிறு சதுரங்களாகச் சிதறித் தோன்றுகின்றது. அவரது அசையும் உருவம் வேறெங்கும் எம்மிடம் இல்லை. இக்கட்டுரை எழுந்தமைக்குக் காரணம் அதுவே.

நாடாவில் உள்ளது யாது?

வீட்டுப் பாவனைக்குரிய நாடாக்கள் இரு வகைப்படும். 1976இல் ஜே.வி.சி. நிறுவனம் வெளியிட்ட வீ.எச்.எஸ்., 1985இல் வந்த வீடியோ-8, 1989இல் வந்த ஹை-8 என்பன ஒப்புமுறை நாடாக்கள். இவற்றில் ஒளியின் ஏற்றத்தாழ்வு காந்தப் புலத்தின் ஏற்றத்தாழ்வாகப் பதியும். 1995இல் வந்த மினி டி.வி., 1999இல் வந்த டிஜிட்டல்-8 என்பன இலக்கமுறை நாடாக்கள். (ஈண்டு டி.வி. என்பது டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கமேயன்றித் தொலைக்காட்சியைக் குறிப்பதன்று.) இவற்றில் ஒவ்வொரு படமும் எண்களாகவே எழுதப்பெறும்.

மினி டி.வி. நாடாவின் அகலம் 6.35 மில்லிமீற்றர். நிமிடத்துக்கு 9000 முறை சுழலும் உருளை ஒன்றில் பொருந்திய இரு தலைகள் அதன்மீது சாய்வான தடங்களை எழுதிச் செல்கின்றன. ஒரு தடத்தின் அகலம் ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு. இலங்கையில் வழங்கும் பால் முறையில் ஒரு செக்கனுக்கு 25 படங்கள்; ஒரு படத்துக்கு 12 தடங்கள். ஆதலின் தலைமீது படியும் சிறு தூசியும் பல தடங்களை மறைத்துவிடுகின்றது. பழைய நாடாவை இயக்குமுன் தலையைத் தூய்மை செய்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இலக்கமுறை நாடாவைப் பெயர்த்தல்

இலக்கமுறை நாடாவில் எண்கள் ஏலவே இருக்கின்றன. அவற்றை மாற்றாது கணினிக்குக் கொண்டுசெல்வதே நமது வேலை. இதற்கென அமைந்த வழி பயர்வயர் எனப்படும் இணைப்பாகும். சோனி நிறுவனம் இதனை ஐ-லிங்க் என வழங்கிற்று. கமராவிற் பெரும்பாலும் நான்கு ஊசிகளையுடைய சிறு துளை இருக்கும். பல கமராக்களில் யூ.எஸ்.பி. துளையும் உண்டு. அதுவே போதும் என மயங்குதல் கூடாது. பெரும்பாலான மினி டி.வி. கமராக்களில் அத்துளை நிழற்படங்களையோ தரங்குறைந்த அசைபடத்தையோ மாத்திரம் அனுப்பும். ஒரு முனையில் பயர்வயரும் மறு முனையில் யூ.எஸ்.பி.யும் பொருத்தி விற்கப்படும் எளிய வடமும் இப்பணிக்கு உதவாது.

வடத்தை இணைத்துக் கமராவை நாடா ஓட்டும் நிலையில் வைத்து, விண்டோஸ் கணினியாயின் வின்-டி.வி., லினக்ஸாயின் டி.வி.கிராப் போன்ற மென்பொருளை இயக்குக. ஒரு மணி நேர நாடாவைப் பெயர்க்க ஒரு மணி நேரம் செல்லும், விரைவுபடுத்த வழியில்லை. அதற்கு வன்தட்டில் ஏறத்தாழ 13 ஜிகாபைற் இடம் வேண்டும். இத்துணை இடமா என மலைத்துச் சுருக்க முற்படுவோர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். டி.வி. முறையிற் படத்துக்கு மாத்திரம் செக்கனுக்கு 25 மெகாபிற் செலவாகின்றது, வீடியோ சீ.டி.யிலோ ஏறத்தாழ 1.15 மெகாபிற்றே உண்டு. இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. எம் அன்னையாரின் முகம் சதுரங்களானது இக்கணக்கினாலேயாம்.

சுருக்கினால் இழப்பது படத்தெளிவு மட்டுமன்று. சுவடியின் இறுதியில் எழுதினோன் தன் பெயரையும் நாளையும் குறித்துவைப்பது போல, டி.வி. நாடாவும் படப்பிடிப்பு நிகழ்ந்த நாளையும் நேரத்தையும் ஒவ்வொரு படத்துடனும் மறைவாகக் குறித்துவைக்கின்றது. மூல வடிவிற் பெயர்த்தால் அக்குறிப்பு உடன்வரும். வேறு வடிவுக்கு மாற்றினாற் பெரும்பாலும் அழிந்துபோம்.

நாடா பழுதுற்ற இடங்களிற் சில சதுரங்கள் முந்திய படத்திலிருந்து நிரப்பப்பெற்றுத் தோன்றும். அந்நாடாவை மீண்டும் ஒருமுறை ஓட்டினால், முன்னர் வாசிக்கப்படாத தடம் இப்போது வாசிக்கப்படலாம். இருமுறை பெயர்த்தவற்றை ஒப்பிட்டு, நல்ல பகுதிகளை இணைக்கும் டி.வி.ரெஸ்கியூ என்னும் மென்பொருளும் உண்டு. பாடபேதம் நோக்கும் பதிப்புமுறை இங்கும் பயன்படுதல் காண்க.

ஒப்புமுறை நாடாவைப் பெயர்த்தல்

ஒப்புமுறை நாடாவில் எண்கள் இல்லை. அவற்றை நாமே ஆக்கல் வேண்டும். அதற்கு மின்குறிகளை எண்களாக மாற்றும் கருவி ஒன்று தேவை. மஞ்சள் நிற முனையுடைய வடத்தினும், ஒளியையும் நிறத்தையும் வேறுவேறாகக் கொண்டுசெல்லும் எஸ்-வீடியோ வடம் சிறந்தது. ஹை-8 நாடாவுக்கு இவ்வேறுபாடு நன்கு புலப்படும். சோனியின் டிஜிட்டல்-8 கமராக்களிற் பல, வீடியோ-8 நாடாக்களையும் ஹை-8 நாடாக்களையும் இயக்கி, அவற்றை அப்போதே எண்களாக்கிப் பயர்வயர் வழியே அனுப்பவல்லன. அத்தகைய கமரா ஒன்று கிடைப்பின் நல்வாய்ப்பென்க.

ஒன்றை மறத்தலாகாது. கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வாங்கிய கமராக்கள் 525 வரிகளையுடைய என்.ரி.எஸ்.சி. முறையிற் பதிவன, இங்கும் இங்கிலாந்திலும் வழங்குவன 625 வரிகளையுடைய பால் முறையின. கடல் கடந்த உறவினர் அனுப்பிய நாடா எம்முறையினது என அறிந்து, அதற்கேற்ற கருவியையும் அமைப்பையும் தெரிவு செய்க.

பெயர்க்குமுன் செய்யத்தக்கன

முதலாவது, நாடாப் பெட்டியின் பதிவுத் தடுப்பை நகர்த்துக, வீ.எச்.எஸ். ஆயின் அதன் சிறு தகட்டை உடைத்துவிடுக. தவறுதலாக ஒரு பொத்தானை அழுத்தி, திருமணத்தின்மீது சுவரைப் பதிவு செய்தாரும் உளர். இரண்டாவது, நாடாவை ஒருமுறை முழுதும் முன்னோக்கி ஓட்டிப் பின் சுற்றுக. பல்லாண்டு கிடந்த நாடாவின் இறுக்கம் இதனாற் சீர்ப்படும். மூன்றாவது, வெண்பூஞ்சணம் படர்ந்த நாடாவை இயக்காதீர். அது தன்னையும் கெடுத்து, கமராவின் தலையையும் கெடுக்கும். நம் நாட்டின் ஈரக்காற்றில் இக்கேடு மிகுதி. அத்தகையதனைத் துப்புரவு செய்யத் தெரிந்தாரிடம் ஒப்படைத்தலே தக்கது.

பதிப்பித்தல்

பெயர்த்து முடித்த கோப்பு மூலப்படி ஆகும். அதனிற் கைவைத்தல் கூடாது. அதன் பிரதியொன்றை எடுத்து, அதிலேயே வெட்டலும் ஒட்டலும் செய்க. பழைய படங்கள் ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாறிமாறி எழுதும் முறையின. ஆதலின் கணினித் திரையில் அசையும் உருவின் ஓரம் சீப்புப்பல் போலத் தோன்றும். அதனை நீக்குதலையும் நிறத்தைத் திருத்துதலையும் பிரதியிலேயே செய்க. நாளை இதனினும் சிறந்த முறை வரும். அப்பொழுது மூலப்படி வேண்டும்.

எதனை வெட்டுவது என்பதிலும் நிதானம் வேண்டும். பரிசளிப்பு விழாப் படத்தில் சொற்பொழிவை வைத்துக்கொண்டு, கூட்டத்தின்மீது கமரா வீணே திரிந்த ஐந்து நிமிடத்தை நீக்குவோம். ஆனால், ஆசிரியர்களின் முகங்களும், அவர்கள் தம்முள் உரையாடிய குரலும், இடம்பெயர்வுகளின் பின்னர் இல்லாதொழிந்த கட்டடங்களும் வேலிகளும் அவ்வைந்து நிமிடத்திலேயே இருத்தல் கூடும். பார்ப்போருக்காகச் சுருங்கிய பதிப்பைச் செய்க. வரலாற்றுக்காக மூலப்படியை முழுதாக வைக்க.

காலம் குறுகிவிட்டது

நாடா அழியுமுன் நாடாவை வாசிக்கும் கருவிகள் அழிகின்றன. ஜப்பானின் பூனாய் நிறுவனம் 2016ஆம் ஆண்டு வீ.எச்.எஸ். கருவி உற்பத்தியை நிறுத்திற்று. அப்பிள் நிறுவனம் 2025இல் வெளியிட்ட பணிசெயல் முறைமையிற் பயர்வயருக்கு இடமில்லை. ஆகவே பழைய கணினி ஒன்று வீட்டிலிருப்பின் அதனை எறியாதீர். நாடாவைக் காக்கும் ஏணி அதுவாகலாம்.

பெயர்த்தபின் மூன்று படிகள் வைக்க. இரண்டு வெவ்வேறு சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்று வேறோர் ஊரில் இருத்தல் வேண்டும். உறவினர் பல நாடுகளில் வாழும் நமக்கு இது அரிதன்று. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அதனுடன் மாண்டன. ஒரே படியாய் இருப்பது இல்லாமைக்கு அண்மையில் இருப்பது என்னும் பாடத்தை நாம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றோம்.

பழைய மாணவர்களே, ஆசிரியர்களே, உங்கள் அலுமாரிகளைத் திறந்து பாருங்கள். எம் இல்லத்து நாடாவுக்கு வேண்டா என்றோம். அச்சொல்லை நீங்கள் சொல்லாதிருத்தல் வேண்டும். முதலிற் பெயர்த்து வையுங்கள். பதிப்பித்தலை ஆறுதலாகச் செய்யலாம். நீங்கள் செய்யாவிடினும் உங்கள் பிள்ளைகள் செய்வார்கள்.