பீங்கான் துளி சொல்லும் கணக்கு... ஏசி 18-லா, 26-லா?

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்து நினைவுக்கு வருவது பீங்கான். பொம்மை, ஜாடி மட்டுமல்ல, ஃபியூஸ் கேரியர் போன்ற மின்சாதனப் பீங்கான்களும் இங்கே தயாராகின்றன. அதே பீங்கான் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு துளி உங்கள் வீட்டு ஏசிக்குள்ளும் இருக்கிறது, தெரியுமா?

அதன் பெயர் தெர்மிஸ்டர். உலோக ஆக்ஸைடுகளைச் சுட்டுச் செய்யும் குட்டி சென்சார். சூடு ஏறினால் இதன் மின்தடை குறையும். அதை வைத்துத்தான் அறையின் வெப்பத்தை ஏசி கணக்கிடுகிறது. இன்வெர்ட்டர் ஏசி என்றால் கம்ப்ரஸர் வேகத்தையும் அதற்கேற்பக் கூட்டிக் குறைக்கும். பெரிய அலுவலகங்களில், காற்றிலுள்ள கரியமில வாயுவை அளந்து, ஆளில்லாத அறைக்குக் குளிர்காற்றைக் குறைத்துவிடும் சிஸ்டம்களும் உண்டு.

ஆனால், சென்சாருக்கு டிகிரிதான் தெரியும். பாட்டிக்குக் குளிர்வதும் பேரனுக்கு வியர்ப்பதும் தெரியாதே! அதை ஆட்களிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்டார்கள். அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சென்னை உட்பட 5 நகர அலுவலகங்களில் விசாரித்தார்கள். வெளிநாட்டுத் தரநிலைகள் சொல்வதைவிடக் கூடுதல் வெப்பத்திலும் நம்மவர்கள் சௌகரியமாக இருப்பது 2014-ல் வெளியான அந்த ஆய்வில் தெரியவந்தது.

2020 ஜனவரியிலிருந்து, ஸ்டார் முத்திரை பெற்ற ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவிகிதம் மின்சாரம் மிச்சம் என்பது அதிகாரிகள் சொல்லும் கணக்கு.

18-ல் வைத்துவிட்டுப் போர்வை தேடுகிறவரா? இன்றிரவு 26-ல் வைத்து, ஃபேனை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். ரிமோட்டை மட்டும் பேரன் கைக்கு எட்டாமல் வையுங்கள்!