சுப்ரதோ மித்ராவும் ஒரு வெள்ளைத் துணியும்

'அபராஜிதோ' (1956) படத்தில் வரும் காசி வீட்டு முற்றம் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள்ள போட்ட செட். சொன்னால் பலர் நம்புவதில்லை. செட் போட்டவர் பன்சி சந்திரகுப்தா. நம்ப வைத்தவர் ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா.

பிரச்சினை என்னன்னா, காசியின் பழைய வீடுகளில் வெயில் நேரா உள்ளே விழாது. மேலே திறந்த வானம். அங்கிருந்து பரவி இறங்குகிற வெளிச்சம். அதற்குக் கூர்மையான நிழலே கிடையாது. ஸ்டூடியோ விளக்குகளோ நேரடியாக அடிப்பவை. நாலு பக்கம் நாலு விளக்கு வைத்தால் ஒரே ஆளுக்கு நாலு நிழல் விழும். இது நடக்காத காரியம் என்றுதான் மித்ராவே முதலில் வாதாடினார். மழைக்குப் பயந்து செட் என்று முடிவான பிறகு, அதன் மேல் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். விளக்குகளைக் கீழேயிருந்து அந்தத் துணியைப் பார்த்துத் திருப்பினார். துணியில் பட்டுச் சிதறி இறங்கிய வெளிச்சம்தான் படத்தில் நாம் பார்க்கும் 'வானம்'. இப்ப இதை 'பௌன்ஸ் லைட்டிங்' என்கிறார்கள். கல்யாண போட்டோகிராபர் வெள்ளைக் குடையில் ஃபிளாஷ் அடிப்பதும் இதே சங்கதிதான். கஷ்டமும் உண்டு: துணி கணிசமான ஒளியைத் தின்றுவிடும், அன்றைய ஃபிலிமோ வேகம் குறைந்தது.

இத்தனைக்கும் இவர் யாரிடமும் உதவியாளராக இருந்ததில்லை. ழான் ரெனுவார் 'தி ரிவர்' எடுக்க வங்காளம் வந்தபோது, வேலை கிடைக்காமல் ஓரமாக நின்று, விளக்கு எங்கே, கேமரா எங்கே என்று படம் வரைந்துகொண்டிருந்த மாணவர். சத்யஜித் ராயுடன் பழக்கமானதும் அந்த நாட்களில்தான். 1952ல் 'பதேர் பாஞ்சாலி' தொடங்கியபோது மித்ராவுக்கு வயது சுமார் 22. அதற்கு முன் சினிமா கேமராவைக் கையாண்டதே இல்லை. (நல்ல சிதார் கலைஞரும்கூட. அது தனிக் கதை.)

அப்புறம் 'ஜல்சாகர்', 'சாருலதா'. ராயுடன் கடைசிப் படம் 'நாயக்' (1966). அதே வருஷம் இந்தியில் 'தீஸ்ரி கஸம்'.

விருது விஷயத்துக்கு வருவோம். சிறந்த ஒளிப்பதிவுக்கான தேசிய விருதே 1967ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் ஆரம்பம். அதாவது ராயுடன் இவர் செய்த அத்தனை வேலையும் முடிந்த பிறகு! அது இவருக்குக் கிடைத்தது 'நியூ டெல்லி டைம்ஸ்' என்ற இந்திப் படத்துக்கு, 1986ல். பத்மஸ்ரீயும் அதே வருஷம்தான். விருதுப் பட்டியலை மட்டும் வைத்துத் தேடினால் இவரை ஒரு எண்பதுகளின் ஒளிப்பதிவாளர் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

கடைசி வருஷங்களில் கல்கத்தாவின் சத்யஜித் ராய் திரைப்படக் கல்லூரியில் பாடம் எடுத்தார். 2001 டிசம்பரில் காலமானார்.

'அபராஜிதோ' பார்க்க வாய்த்தால், முற்றத்துக் காட்சிகளில் சர்போஜயாவின் மூக்குக்குக் கீழே விழும் நிழலை மட்டும் கொஞ்சம் கவனியுங்க.