நான்காண்டு சேவை, கையில் பத்து லட்சம்: வீரருக்குப் பணக் கணக்கைச் சொல்லித் தருவது யார்?

புது தில்லி: அக்னிபத் திட்டத்தின் கீழ் முப்படைகளில் சேர்ந்த முதல் அணியினர் தங்கள் நான்காண்டுச் சேவையை நிறைவு செய்யும் காலம், 2026-ஆம் ஆண்டின் இறுதியும் 2027-இன் தொடக்கமும் ஆகும். 2022 ஜூன் 14-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, அவர்களில் 25 விழுக்காட்டினர் வரை மட்டுமே நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். ஏனையோர் இருபது வயதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே, ஓய்வூதியம் இன்றி, பணிக்கொடை இன்றி, ஒரே தவணையில் வழங்கப்படும் ஒரு தொகையுடன் ஊர் திரும்புவர்.

இந்தத் திட்டம் நல்லதா, கெட்டதா என்று நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் பல முறை அனல் பறக்க விவாதிக்கப்பட்டுவிட்டது. படையின் இளமை, எல்லையின் தேவை, வேலைவாய்ப்பு, இழப்பீடு என எல்லாம் பேசப்பட்டன. ஆனால், அந்தத் தொகையை இளைஞர் எப்படிக் கையாள்வார், அதற்கு அவரைத் தயார்படுத்தும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

ஓய்வூதியம் என்னும் தூண்

ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. காரணம், ஓய்வூதியம். சாதாரணச் சிப்பாய் ஒருவர் 15 ஆண்டுகள் பணிபுரிந்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுகிறார். பெரும்பாலோர் 40 வயதுக்குள் சீருடையைக் கழற்றிவிடுகின்றனர். கடைசி ஊதியத்தில் பாதி, அதற்குரிய அகவிலைப்படியுடன், வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் வந்துகொண்டிருக்கும். மத்திய அரசின் சிவில் பணிகளில் 2004 ஜனவரி 1-க்குப் பின் சேர்ந்தவர்கள் புதிய ஓய்வூதியத் திட்டத்துக்கு மாற்றப்பட்டபோதும், முப்படையினருக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புத் துறை ஓய்வூதியத்துக்கு மட்டும் சுமார் 1.6 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இந்தச் சுமையைக் குறைப்பதும் அக்னிபத் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று என்பது எதிர்க்கட்சிகளின் வாதம். படையின் சராசரி வயதைக் குறைப்பதே நோக்கம் என்பது அரசின் பதில்.

சேமிப்பும்கூட வீரரின் விருப்பத்துக்கு விடப்படவில்லை. வருங்கால வைப்பு நிதிக்கான பிடித்தம் ஊதியத்திலிருந்தே போய்விடும். 1976-இல் தொடங்கப்பட்ட ராணுவக் குழுக் காப்பீட்டு நிதிக்கான சந்தாவும் அவ்வாறே. உணவும் உறைவிடமும் படையின் பொறுப்பு. வீரர் கணக்குப் போடத் தெரியாதவராக இருந்தாலும், கணக்கைப் படையே போட்டு வந்தது. அந்த ஏற்பாட்டின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். சீருடையைக் கழற்றிய மறுநாள், வாழ்நாளில் கண்டிராத ஒரு தொகை வங்கிக் கணக்கில் வந்து விழும். மனைத் தரகர், அதிக வட்டி ஆசை காட்டும் நிதி நிறுவன முகவர், தொழில் தொடங்கக் கூட்டுச் சேர அழைக்கும் உறவினர் என ஆட்கள் வாசலுக்கு வருவதும் அப்போதுதான்.

ஓய்வூதியத்தில் பாதி வரை முன்கூட்டியே மொத்தத் தொகையாகப் பெற்றுக்கொள்ளும் 'கம்யூட்டேஷன்' முறையை எடுத்துக்கொள்வோம். அவ்வாறு பெறுபவருக்கு மாத ஓய்வூதியம் குறையும். முழு ஓய்வூதியம் 15 ஆண்டுகள் கழித்தே திரும்பக் கிடைக்கும். 60 வயதில் ஓய்வு பெறும் சிவில் ஊழியருக்கு இது முதுமைக் கணக்கு. 38 வயதில் ஓய்வு பெறும் ஹவில்தாருக்கோ, குறைந்த ஓய்வூதியம் வரும் 15 ஆண்டுகள் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பும் மகளின் திருமணமும் நிகழும் ஆண்டுகளாக அமைந்துவிடுகின்றன. இதைப் படிவத்தில் கையெழுத்திடும் முன் அவருக்கு எடுத்துச் சொல்பவர் இருக்க வேண்டும்.

சேவா நிதியின் கணக்கு

இனி அக்னிவீரரின் கணக்கைப் பார்ப்போம். முதலாண்டில் மாதம் 30,000 ரூபாய், அடுத்தடுத்த ஆண்டுகளில் 33,000, 36,500, 40,000 என ஊதியம் அறிவிக்கப்பட்டது. இதில் 30 விழுக்காடு பிடித்தம் செய்யப்பட்டுத் தனி நிதியில் சேர்கிறது. எனவே முதலாண்டில் கைக்கு வருவது 21,000; இறுதியாண்டில் 28,000. நான்காண்டுகளில் வீரரின் பங்கு 5.02 லட்சம் ரூபாய். அரசும் அதே அளவு செலுத்துகிறது. இரண்டும் சேர்ந்து 10.04 லட்சம். வட்டியுடன் சுமார் 11.71 லட்சம் கிடைக்கும் என்று திட்டத்தை அறிவித்தபோது அரசு கூறியது. இதுவே 'சேவா நிதி'. இதற்கு 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் வருமான வரி விலக்கும் அளிக்கப்பட்டது.

கிராமத்துக் குடும்பத்துக்கு 11.71 லட்சம் என்பது பெரிய தொகைதான். ஆனால், அதை ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டியில் வைத்தால் மாதம் கிடைப்பது ஏறத்தாழ 6,800 ரூபாய். முதல் மாதம் வரை 28,000 ரூபாய் வாங்கிய கை அது. ஏழாவது ஊதியக் குழு நிர்ணயித்த குறைந்தபட்ச ஓய்வூதியமே மாதம் 9,000 ரூபாய். அதற்கு மேல் அகவிலைப்படி வேறு. ஆக, சேவா நிதி என்பது ஓய்வூதியத்துக்கு மாற்று அல்ல. படிப்புக்கோ, தொழிலுக்கோ, அடுத்த வேலை கிடைக்கும் வரையிலான இடைக்காலத்துக்கோ ஆன முதல். மூன்றில் எதற்கு என்பதை 23 அல்லது 24 வயது இளைஞர் ஒரே முறை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தவறினால் மறுவாய்ப்பு இல்லை.

இதிலும் அறிந்திருக்க வேண்டிய நுணுக்கங்கள் உண்டு. சொந்த விருப்பத்தின் பேரில் இடையில் விலகினால், தம் பங்கும் அதற்கான வட்டியும் மட்டுமே கிடைக்கும். அரசின் பங்கு கிடைக்காது. நிரந்தரப் பணிக்குத் தேர்வாகிறவருக்கும் அவ்வாறே. 2022 அக்டோபரில் 11 வங்கிகளுடன் அக்னிவீரர்களின் ஊதியக் கணக்குக்காக ராணுவம் ஒப்பந்தம் செய்துகொண்டது. வெளியேறும் வீரர்களுக்குத் தொழில் தொடங்கக் கடன் வசதியும் அதில் பேசப்பட்டது. கடன் எளிதாகக் கிடைப்பது நன்மையே. எனினும் கடனைத் திருப்பிச் செலுத்தும் திறனைக் கணிக்கத் தெரியாதவருக்கு அது சுமையாகவும் மாறக்கூடும்.

குடும்பத்துக்கு எட்டாத காகிதங்கள்

நிதி ஆயத்தம் என்பது முதலீட்டை மட்டும் குறிப்பதன்று. படைவீரர் குடும்பங்களில் அது பெரும்பாலும் காகிதங்களைப் பற்றியது. வீரரின் திருமணமும் குழந்தைப் பிறப்பும் அவரது படைப்பிரிவின் 'பகுதி 2 உத்தரவு' மூலம் வெளியிடப்பட்டு, ஆவண அலுவலகத்தில் பதிவாக வேண்டும். இது நிகழாவிட்டால், வீரர் இறந்த பிறகு மனைவி தாம் மனைவி என்று நிரூபிக்க அலைய வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், ராணுவ ஆவணத்தில் வேறு பெயர், வங்கியில் மூன்றாவது எழுத்து முறை என்றால் ஓய்வூதியம் தாமதமாகிறது. பிரயாக்ராஜில் உள்ள தலைமைக் கணக்கு அலுவலகத்தை மையமாகக் கொண்ட 'ஸ்பர்ஷ்' கணினி முறைக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பாதுகாப்புத் துறை ஓய்வூதியர்கள் மாற்றப்பட்டுள்ளனர். ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று அளிப்பதும் இணையவழிக்கு வந்துவிட்டது. விவரம் தெரிந்தவருக்கு இது வசதி. மகன் துணையில்லாத வயோதிக விதவைக்கோ இது மற்றொரு வாசல்.

குடும்ப ஓய்வூதியத்திலேயே சாதாரணம், சிறப்பு, தாராளம் என மூன்று வகைகள் உள்ளன. மரணம் நேர்ந்த சூழலைப் பொறுத்து, கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு, 60 விழுக்காடு, முழு ஊதியம் என அவை மாறுபடுகின்றன. இதை அறியாத குடும்பம், கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு, உரியதைக் கேட்காமலே இருந்துவிடும் அபாயம் உண்டு. திருமணமாகாதவராகவே சேர்க்கப்படும் அக்னிவீரரின் நியமனதாரர் பெரும்பாலும் தாயோ தந்தையோதான். உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்து கஹ்மராக இருந்தாலும், வேலூர் மாவட்டத்தில் 'ராணுவப்பேட்டை' எனப்படும் கம்மவான்பேட்டையாக இருந்தாலும், வீட்டுக்கொரு வீரரை அனுப்பும் கிராமத்துப் பெற்றோருக்கு எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அவையில் எழுந்த குரல்

உயிரிழந்த அக்னிவீரர்களின் குடும்பங்களுக்கான தொகை குறித்து 2024 ஜூலையில் மக்களவையில் எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்திக்கும் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங்குக்கும் இடையே கடும் வாக்குவாதம் நிகழ்ந்தது. பணியின்போது உயிரிழப்பவருக்கு 48 லட்சம் ரூபாய் காப்பீடும், பணி காரணமாக நிகழும் மரணத்துக்கு 44 லட்சம் ரூபாய் கருணைத் தொகையும் திட்டத்திலேயே உள்ளன. இல்லாதது, மாதந்தோறும் வரும் குடும்ப ஓய்வூதியம். வழக்கமான வீரரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் அனைத்துப் பலன்களும் இவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2024 பிப்ரவரியிலேயே பரிந்துரைத்தது குறிப்பிடத்தக்கது.

ஓய்வூதியம் இல்லாத முன்னாள் வீரரின் முதுமை எப்படி இருக்கும் என்பதற்கு அரசின் திட்டமே சாட்சி. ஓய்வூதியம் பெறாத, 65 வயது கடந்த வறிய முன்னாள் படைவீரருக்கும் விதவைக்கும் வழங்கப்படும் மாத உதவித்தொகை, 2025 நவம்பர் முதல் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அத்தகைய உதவிக்குக் கையேந்தும் நிலை வராமல் காப்பதே நிதி ஆயத்தத்தின் பொருள்.

அமெரிக்கா செய்தது

அமெரிக்காவிலும் 20 ஆண்டுகள் பணிபுரிந்தோருக்கே ராணுவ ஓய்வூதியம் என்ற முறை இருந்தது. 2018 ஜனவரி முதல் அங்கு ஓய்வூதியத்தைச் சற்றுக் குறைத்து, சேமிப்புக் கணக்கில் அரசும் பங்கு செலுத்தும் கலப்பு முறை வந்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த மாற்றத்தைக் கொண்டுவந்த, 2015 நவம்பரில் கையெழுத்தான அதே சட்டம், முதல் பணியிடம், பதவி உயர்வு, திருமணம், முதல் குழந்தை, பணி விலகல் போன்ற கட்டங்களில் வீரர்களுக்கு நிதிப் பயிற்சி அளிப்பதையும் கட்டாயமாக்கியது. வீரர்களுக்கான பல வகைக் கடன்களுக்கு ஆண்டு வட்டி 36 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2006-லேயே அங்கு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. பொறுப்பை வீரரின் தோளுக்கு மாற்றிய அரசு, அதைச் சுமக்கக் கற்றுத் தருவதையும் தன் கடமையாக ஏற்றது.

இங்கும் அமைப்புகளுக்குக் குறைவில்லை. மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகம் ஓய்வு பெறுவோருக்குத் தொழிற்பயிற்சி அளிக்கிறது. மத்திய, மாவட்ட முன்னாள் படைவீரர் வாரியங்கள் உள்ளன. 1966-இல் தொடங்கிய ராணுவ மனைவியர் நலச் சங்கம் உள்ளது. படைவீரர் குடும்பங்களுக்கான சட்ட உதவித் திட்டத்தை 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் ஸ்ரீநகரில் தொடங்கியது. இவற்றை ஒரே சரடில் கோக்கும் கடமைதான் எவருக்கும் விதிக்கப்படவில்லை.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. பயிற்சி மையத்திலேயே ஊதியச் சீட்டைப் படிக்கக் கற்றுத் தரலாம். ஆண்டுக்கு ஒரு முறை நியமனதாரர் பெயரையும் பகுதி 2 உத்தரவுகளையும் சரிபார்ப்பதை ஒவ்வொரு படைப்பிரிவிலும் கட்டாயமாக்கலாம். விடுமுறையில் செல்லும் வீரரிடம் குடும்பத்துக்கான ஒரு பக்கக் குறிப்பைத் தாய்மொழியில் கொடுத்தனுப்பலாம். விடைபெறும் ஆண்டில், எந்த நிதி நிறுவனத்தின் பொருளையும் விற்காத ஆலோசகர் ஒருவரைச் சந்திக்க ஏற்பாடு செய்யலாம். சேவா நிதியில் ஒரு பகுதியை விரும்புவோர் மாதத் தவணையாகப் பெறவும் வழி வகுக்கலாம்.

ராணுவத்தின் மூன்று அங்கங்களுக்கும் 2022-இல் மட்டும் 46,000 அக்னிவீரர்களைச் சேர்ப்பதாக அரசு அறிவித்தது. அதன் பிறகும் ஆண்டுதோறும் புதிய அணிகள் சேர்ந்து வந்துள்ளன. அவர்கள் துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டப் பல மாதப் பயிற்சி பெறுகின்றனர். நான்காண்டு உழைப்பின் பலனைக் காத்துக்கொள்ளவும் சில நாள்களாவது பயிற்சி அளிக்க வேண்டும் என்ற கேள்வியை, கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டும்.