வழிகாட்டுபவர் வேறு; தரம் இடுபவர் வேறு

ஆண்டுதோறும் செப்டம்பர் 5-ஆம் நாள் நாடெங்கும் ஆசிரியர் நாள் கொண்டாடப்படும்போது, எங்கள் திருத்தணிக்குத் தனிப் பெருமிதம் உண்டு. 1888-இல் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் இது. அவரைக் குடியரசுத் தலைவராகவும் தத்துவப் பேராசிரியராகவும் நினைவுகூரும் நாம், விடுதலைக்குப் பிறகு அமைக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு 1948-49-இல் அவர் தலைமை வகித்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. அக்குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1953-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தொடங்கப்பட்டது. 1956-இல் அது சட்டபூர்வ அமைப்பாயிற்று.

அந்த மானியக் குழு 1994-இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு உருவாக்கிய தன்னாட்சி அமைப்புதான் 'நாக்' எனப்படும் தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு. ஒரு கல்லூரியின் நுழைவாயிலில் 'ஏ' என்றோ 'பி பிளஸ் பிளஸ்' என்றோ பெரிய எழுத்தில் காணப்படுவது இந்த அமைப்பு வழங்கிய தரநிலையே. இன்று தன்னாட்சித் தகுதி, இணையவழிப் படிப்புகளுக்கான அனுமதி, சில நிதியுதவிகள் எனப் பலவும் அந்த எழுத்தைச் சார்ந்தே அமைகின்றன. பிள்ளைகளுக்குக் கல்லூரி தேடும் பெற்றோரும் அதைத்தான் முதலில் பார்க்கின்றனர்.

அந்த எழுத்தைப் பற்றி விவாதிக்கும் நாம், அதற்குப் பின்னால் பணியாற்றும் ஒரு பிரிவினரைப் பற்றி அறவே பேசுவதில்லை. ஆலோசகர், துணை ஆலோசகர், உதவி ஆலோசகர் என்னும் பதவிப் பெயர்களில் அந்த அமைப்பில் பணியாற்றும் கல்வி அலுவலர்களே அவர்கள். அவர்களுடைய பணி எது, எது அன்று என்பதில் ஏற்பட்டுள்ள குழப்பம், சிற்றூர்க் கல்லூரிகளை வெகுவாகப் பாதிக்கிறது என்பதை, திருத்தணிப் பகுதிக் கல்லூரி ஒன்றில் அகத் தர உறுதி மையத்தின் ஒருங்கிணைப்பாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் நான் அறிவேன்.

முதலில் நடைமுறையைச் சுருக்கமாகக் காண்போம். 2017-இல் திருத்தப்பட்ட முறையின்படி, கல்லூரி முதலில் தன் தகுதி விவரங்களை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அது ஏற்கப்பட்ட பிறகு, பாடத்திட்டம், கற்பித்தல், ஆய்வு, உள்கட்டமைப்பு, மாணவர் நலன், நிர்வாகம், நிறுவன விழுமியங்கள் ஆகிய ஏழு அளவுகோல்களின்கீழ் சுய மதிப்பீட்டு அறிக்கை அளிக்க வேண்டும். மொத்த மதிப்பு 1,000. அறிக்கையில் உள்ள எண்கள் தனியே சரிபார்க்கப்படும். மாணவர்களிடம் கருத்துக் கேட்கப்படும். அதன் பின்னரே பிற கல்வி நிறுவனங்களைச் சேர்ந்த பேராசிரியர்கள் அடங்கிய வல்லுநர் குழு நேரில் வரும். எல்லாம் சேர்ந்து நான்குக்கு இத்தனை எனப் புள்ளி கணக்கிடப்படும். 3.51-உம் அதற்கு மேலும் பெற்றால் 'ஏ பிளஸ் பிளஸ்', 1.50-உம் அதற்குக் கீழும் என்றால் தரச்சான்று கிடையாது.

இந்த வரிசையில் அமைப்பின் அலுவலர் எங்கே இருக்கிறார்? அவர் புள்ளி இடுவதில்லை. அளவுகோலின் பொருள் என்ன, எந்தச் சான்று ஏற்கத்தக்கது, எந்த ஐயத்தை எப்படித் தீர்ப்பது என்று விளக்குவதும், பயிலரங்குகள் நடத்துவதும், வல்லுநர் குழுவின் வருகையை ஒருங்கிணைப்பதும் அவருடைய பணிகள். தேர்வு அறையில் வினாத்தாளின் ஐயத்தைத் தீர்த்துவைக்கும் ஆசிரியரைப் போன்றவர் அவர். வினா இதுதான் என்று சொல்லலாம். விடையைச் சொல்லக் கூடாது. விடைத்தாளைத் திருத்தவும் கூடாது.

இந்தப் பணியின் மதிப்பை நான் உணர்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. திருத்தணி எல்லைப்புற ஊர். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1960-இல்தான் இது தமிழகத்துடன் சேர்ந்தது. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை ஆகிய பகுதிகளிலிருந்து வரும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு வீட்டு மொழி தெலுங்கு; பள்ளி மொழி தமிழ்; கல்லூரிப் பாடநூலோ ஆங்கிலம். பெரும்பாலோர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவர்கள். அவர்களுக்காக எங்கள் ஆசிரியர் சிலர் மாலையில் அரைமணி நேரம் தனி வகுப்பு நடத்திவந்தனர். அதற்கு ஊதியம் கிடையாது. வருகைப் பதிவேடும் கிடையாது.

சுய மதிப்பீட்டு அறிக்கை எழுதும் காலம் வந்தது. கல்லூரி நிர்வாகம் தனியார் ஆலோசனையாளர் ஒருவரை அமர்த்தியது. அறிக்கையைப் புரட்டிய அவர், தனி வகுப்புக்குச் சான்று இல்லையே என்றார். அடுத்த மூச்சிலேயே வழியும் சொன்னார். கடந்த ஆண்டுகளுக்கான வருகைப் பதிவேடுகளை இப்போதே எழுதிவிடலாம். இரண்டு பேனா நிறங்கள், நான்கு கையெழுத்துகள் போதும் என்றார். அறையில் இருந்த எவரும் அதிர்ச்சி அடையவில்லை என்பதுதான் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. நடந்த வகுப்புக்குத்தானே பதிவேடு, நடக்காத வகுப்புக்கா எழுதப்போகிறோம் என்று நியாயமும் பேசப்பட்டது.

நான் பெங்களூருக்குத் தொலைபேசியில் பேசினேன். மறுமுனையில் பேசிய அலுவலர் பொறுமையாகக் கேட்டார். அவர் சொன்னவற்றின் சாரம் இது: எழுதப்படாத பதிவேட்டை எழுதியதாகக் காட்டாதீர்கள். ஒரு சான்று பொய் எனத் தெரிந்தால், மெய்யான நூறு சான்றுகளும் ஐயத்துக்கு உள்ளாகும். வகுப்பு நடப்பதை விளக்கப் பகுதியில் உள்ளபடி எழுதுங்கள். குழு வரும்போது மாணவர்களே அதைச் சொல்லட்டும். இந்த மாதம் முதல் பதிவேடு வையுங்கள். தொடக்கத்தில் ஒரு சிறு தேர்வும் முடிவில் ஒரு சிறு தேர்வும் நடத்துங்கள். எத்தனை புள்ளி குறையும் என்று கேட்டேன். அதைச் சொல்லும் இடத்தில் தாம் இல்லை என்று மறுத்துவிட்டார்.

நாங்கள் எதிர்பார்த்த தரநிலை கிட்டவில்லை. நிர்வாகத்தின் மனக்கசப்பை நான் சில காலம் சுமக்க நேர்ந்தது. ஆனால், அந்த மாதம் தொடங்கிய பதிவேடு எங்களுக்கு ஓர் உண்மையைக் காட்டியது. தனி வகுப்புக்கு வராமல் நின்றவர்களில் பெரும்பாலோர் படிப்பில் ஆர்வம் இல்லாதவர்கள் அல்லர். மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் வீடு திரும்ப வழியில்லாதவர்கள். வகுப்பைக் காலைக்கு மாற்றினோம், வருகை கூடியது. எந்த அலுவலரும் எங்களுக்குப் புள்ளி கூட்டித் தரவில்லை. ஆனால், அவர் சொன்ன ஒரு சொல்லால் சில மாணவர்கள் படிப்பைத் தொடர்ந்தனர். போலிப் பதிவேடு எழுதியிருந்தால் அதில் எல்லா மாணவரும் எல்லா நாளும் வந்திருப்பார்கள். நாங்கள் எதையும் அறிந்திருக்க மாட்டோம்.

தரமதிப்பீட்டின் நோக்கமே ஒரு நிறுவனம் தன்னைத்தானே உள்ளபடி பார்க்கப் பழகுவதுதான். அதற்குத் துணை நிற்பவரே நல்ல ஆலோசகர். அவருடைய இடம் வெற்றிடமாகும்போது, அந்த இடத்தைச் சந்தை நிரப்புகிறது. அறிக்கை எழுதித் தருகிறோம், குறிப்பிட்ட தரநிலைக்கு உறுதி அளிக்கிறோம் என்று கூறும் தனியார் ஆலோசனையாளர்கள் பெருகியிருப்பதற்குக் காரணம், கல்லூரிகளின் பேராசை மட்டுமன்று. ஐயம் எழும்போது யாரைக் கேட்பது என்று தெரியாத தவிப்பும் காரணம்தான். பெருநகரத்துத் தனியார் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு துறை இருக்கும். சிற்றூர்க் கல்லூரியிலோ, வாரத்துக்குப் பல மணி நேரம் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியர், எஞ்சிய நேரத்தில் இந்தப் பணியைச் செய்கிறார்.

இந்தத் தவிப்பு எவ்வளவு பரவலானது என்பதை ஒரு கணக்கு காட்டும். 2023-இன் தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட விவரப்படி, நாட்டின் 1,113 பல்கலைக்கழகங்களில் 418-உம், 43,796 கல்லூரிகளில் 9,062-உம் மட்டுமே நாக் தரச்சான்று பெற்றிருந்தன. அதாவது ஐந்து கல்லூரிகளில் ஏறத்தாழ நான்கு, இந்த வாயிலுக்கு வெளியே நின்றன. இத்தனைக்கும் தரமதிப்பீட்டைக் கட்டாயமாக்கும் யுஜிசி விதிமுறைகள் 2012-ஆம் ஆண்டுக்கு உரியவை.

மறுபுறம், வழிகாட்டுபவருக்கும் தரம் இடுபவருக்கும் இடையிலான கோடு அழிந்தால் என்ன நேரும் என்பதை 2025 பிப்ரவரியில் கண்டோம். அண்டை மாநிலமான ஆந்திரத்தின் தனியார் உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் 'ஏ பிளஸ் பிளஸ்' தரநிலைக்காகக் கையூட்டுப் பெற்றதாகக் குற்றஞ்சாட்டி, ஆய்வுக் குழுவின் தலைவர், உறுப்பினர்கள் உள்ளிட்ட பத்துப் பேரை மத்தியப் புலனாய்வுப் பிரிவு கைது செய்தது. அமைப்பின் ஆலோசகர் நிலையில் இருந்தவர்கள் மீதும் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டது. குற்றம் மெய்ப்பிக்கப்படுவது நீதிமன்றத்தின் பொறுப்பு. ஆனால், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2023 மார்ச்சில், நாக் செயற்குழுத் தலைவராக இருந்த பூஷண் பட்வர்தன் முறைகேடுகள் குறித்துக் கவலை தெரிவித்துப் பதவி விலகியதை இங்கே நினைவுகூர வேண்டும். எச்சரிக்கை மணி திடீரென ஒலிக்கவில்லை.

பிற நாடுகளும் இந்தச் சிக்கலை எதிர்கொண்டுள்ளன. அமெரிக்காவில் உயர்கல்விக்குத் தரச்சான்று வழங்கும் பெரிய அமைப்புகளில் ஒன்றான உயர்கல்வி ஆணையம், தன்னிடம் இணைந்துள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனத்துக்கும் தொடர்பு அலுவலர் ஒருவரை ஒதுக்குகிறது. விதிகளை விளக்குவதும், ஆய்வு வருகைக்கு ஆயத்தம் செய்ய உதவுவதும் அவர் பொறுப்பு. முடிவெடுப்பவர்கள் வேறு நிறுவனங்களைச் சேர்ந்த கல்வியாளர்களும் ஆணையத்தின் பொறுப்பாளர்களுமே. ஒரு கல்லூரி முதல்வருக்குத் தம் ஐயத்தை யாரிடம் கேட்பது என்பதில் அங்கே குழப்பம் இல்லை.

நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. நல்ல தரநிலை பெற்ற கல்லூரி, தரச்சான்று பெறாத குறைந்தது ஐந்து கல்லூரிகளுக்கு வழிகாட்டும் 'பராமர்ஷ்' திட்டத்தை யுஜிசி 2019-இல் தொடங்கியது. சிறந்த நோக்கமுடைய திட்டம். எனினும், ஒரு கல்லூரி மற்றொரு கல்லூரிக்குத் தன் அனுபவத்தைச் சொல்லலாம். விதியின் பொருள் இதுதான் என அதிகாரபூர்வமாகச் சொல்ல அதனால் இயலாது. அதை அமைப்பின் அலுவலரே சொல்ல வேண்டும்.

இப்போது மற்றொரு மாற்றமும் வருகிறது. இஸ்ரோ முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, எழுத்துத் தரநிலைகளைக் கைவிட்டு, தரச்சான்று உண்டு அல்லது இல்லை என்னும் இருநிலை முறைக்கு மாறுவதாக 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அதைத் தாண்டி உயர விரும்பும் நிறுவனங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை படிநிலைகள் உண்டு. தகுதிக்கு மிக அருகில் இருப்பவை 'தரச்சான்றுக்குக் காத்திருப்பவை' எனக் குறிக்கப்படும். ஓர் எழுத்துக்காக நடக்கும் போட்டி இதனால் தணியக்கூடும். ஆனால், காத்திருக்கும் கல்லூரிக்கு எதில் குறை, எப்படிச் சரிசெய்வது என்று சொல்ல எவரும் இல்லையெனில், காத்திருப்பே அதன் நிலையாகிவிடும்.

ஆகவே சில சீர்திருத்தங்கள் உடனடித் தேவை. முதலாவதாக, மண்டல அளவில், கல்லூரிகளுக்கு விளக்கம் அளிப்பதை மட்டுமே பணியாகக் கொண்ட அலுவலர்களை நியமிக்க வேண்டும்; தமிழகத்தில் அவர்கள் தமிழிலும் விளக்கம் தர இயல வேண்டும். இரண்டாவதாக, வழிகாட்டும் அலுவலர் எவரும் ஆய்வுக் குழுவைத் தேர்ந்தெடுப்பதிலோ புள்ளி கணக்கிடுவதிலோ பங்கேற்கக் கூடாது. மூன்றாவதாக, ஒரு கல்லூரிக்குத் தரும் விளக்கம் எழுத்தில் இருக்க வேண்டும். அது எல்லாக் கல்லூரிகளும் படிக்கும்படி பொதுத்தளத்தில் வெளியாக வேண்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்த விளக்கமே விலைபோகிறது. எல்லோருக்கும் தெரிந்த விளக்கத்தை எவரும் விற்க இயலாது. நான்காவதாக, ஓய்வுபெற்ற அலுவலர்கள் தனியார் ஆலோசனைப் பணியில் சேரக் குறிப்பிட்ட கால இடைவெளி கட்டாயமாக்கப்பட வேண்டும். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றமும் சிற்றூர் அரசுக் கல்லூரிகளுக்கும் உதவிபெறும் கல்லூரிகளுக்கும் இவ்வகையில் கைகொடுக்கலாம்.

கல்லூரிகளுக்கும் கடமை உண்டு. அறிக்கையை வெளியாள் எழுதித் தரும் கல்லூரி, தன் முகத்தைப் பிறர் கண்ணாடியில் பார்க்கிறது. அறிக்கை எழுதும் சில மாதங்களே ஆசிரியர்கள் தம் கல்லூரியை முழுமையாக அறிய வாய்க்கும் காலம். அதைக் கூலிக்கு விடுவது இழப்பு.

தணிகை மலைக்கு 365 படிகள். முதன்முறை வருபவருக்கு, எந்த மண்டபத்தில் இளைப்பாறலாம், எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். எவரும் அவருக்காகப் படி ஏறுவதில்லை. ஏறாதவரை ஏறிவிட்டார் என்று எழுதித் தருவதுமில்லை. உயர்கல்வியில் நாம் வேண்டுவதும் அத்தகைய வழிகாட்டிகளைத்தான். அவர்கள் பெங்களூரில் மட்டும் இருந்தால் போதாது. பள்ளிப்பட்டுப் பேருந்தில் வரும் மாணவர் படிக்கும் கல்லூரிக்கும் அவர்களுடைய குரல் எட்ட வேண்டும்.