ஏரியும் கிணறும் வனக்காவலும்

பெரம்பலூர், அரியலூர் என்றதும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் பருத்தி, மக்காச்சோள வயல்களும் நினைவுக்கு வருகின்றனவேயன்றி வனத்துறை நினைவுக்கு வருவதில்லை. பச்சைமலைச் சரிவுகளையும், சமவெளியில் ஆங்காங்கே அமைந்த காப்புக்காடுகளையும், அதாவது அரசாணையால் எல்லை வகுத்து ஒதுக்கப்பட்ட காடுகளையும் விட்டால் இங்கு அடர்வனம் அரிது. ஆகவே காவல்பணி பெரும்பாலும் ஊரையும் வயலையும் ஒட்டியே நடக்கிறது.

வனச்சரகம் எனப்படும் நிர்வாக அலகுக்கு வனச்சரக அலுவலர் பொறுப்பாளர். அவருக்குக் கீழ் வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர் என்போர் பணியாற்றுகின்றனர். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 50-ஆம் பிரிவு, குற்றம் நடந்ததாக நம்பத் தக்க காரணம் இருப்பின், சோதனையிடவும் வலை, துப்பாக்கி, வாகனம் ஆகியவற்றைக் கைப்பற்றவும் பிடியாணையின்றிக் கைது செய்யவும் வன அலுவலருக்கு அதிகாரம் தருகிறது. காவல்துறையிலோ உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவருக்கே அவ்வதிகாரம் உண்டு. பிடிபட்டவரை நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பதும் அப்பிரிவின் கட்டளையாகும்.

இவ்வதிகாரம் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டியில் நுட்பமாகக் கையாளப்பட வேண்டியதாகிறது. 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஜனவரியில் ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலமாக ஏற்கப்பட்ட இந்த ஏறத்தாழ 454 ஹெக்டேர் நீர்ப்பரப்பு, இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துக்குப் புகலிடமாக இருப்பதோடு, நெல்லுக்கும் கரும்புக்கும் நீர் தரும் பாசன ஏரியாகவும் இருக்கிறது. வலை விரிப்பவரைப் பிடிக்க வேண்டிய காவலர், மடை திறக்க வரும் உழவரை அந்நியராக்கிவிடக் கூடாது. கரையில் முதலில் நடமாட்டத்தைக் காண்பவர் அவ்வுழவரே ஆவார்.

சிறுத்தையின் வருகை இங்கு அரிது. 2024 ஏப்ரலில் செந்துறையில் அது தென்பட்டபோது தேடலும் மக்களை எச்சரிப்பதும் வனத்துறையின் பொறுப்பாயின. அதிகப் பாதுகாப்புக்குரிய முதலாம் அட்டவணையில் உள்ள விலங்கு என்பதாலும், சட்டத்தின் பார்வையில் பிடித்தலும் வேட்டையே என்பதாலும், தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூல ஆணையின்றி அதைப் பிடிக்க இயலாது. மக்கள் தாமதம் எனக் கருதுவதில் ஒரு பகுதி இந்த ஒழுங்குமுறையே ஆகும்.

அடிக்கடி நேர்வதோ மான்களின் துயரம். கோடையில் தண்ணீர் தேடிக் காட்டை விட்டு வரும் புள்ளிமான்கள் நாய்களால் துரத்தப்பட்டோ வழி தெரியாமலோ கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறுகளில் விழ, தீயணைப்பு மீட்புத் துறையினர் கயிறும் வலையும் கொண்டு மீட்கின்றனர். இறந்த மானும் சட்டப்படி அரசுடைமை. அதன் இறைச்சியை எடுப்பதும் குற்றமாதலால், அரசு கால்நடை மருத்துவர் உடற்கூறாய்வு செய்த பின்னரே உடல் அப்புறப்படுத்தப்படுகிறது. காப்புக்காட்டை ஒட்டிய திறந்த கிணறுகளுக்குச் சுவர் எழுப்பும் செலவை அரசே ஏற்பது நியாயமானது. அச்சுவர் மானைப் போலவே இரவில் வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்வோரையும் காக்கும்.