பாஸ்போர்ட்டின் கடைசி ஆறு மாதம்

டிக்கெட் எடுத்தாயிற்று, ஹோட்டலுக்குப் பணம் கட்டியாயிற்று, பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. இந்த நிலையில் திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்புகிறவர் விமான நிறுவனத்தின் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பப்படலாம். அங்கே வாதாடிப் பயனில்லை. ஒரு நாடு உள்ளே விட மறுத்தால், அந்தப் பயணியைத் திரும்ப ஏற்றி வருவது அழைத்துச்சென்ற விமான நிறுவனத்தின் பொறுப்பு. அபராதம் போடும் நாடுகளும் உண்டு. அதனால்தான் ஊழியர் போர்டிங் பாஸ் தரமாட்டார்.

வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று 1978-ல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நம் அரசிடம் நாம் கேட்கக்கூடிய உரிமை. இன்னொரு நாட்டின் வாசலில் அந்த நாட்டுச் சட்டம்தான் செல்லும். வந்தவர் நோயில் படுத்தாலோ குறித்த நாளில் திரும்பாவிட்டாலோ பாஸ்போர்ட் உயிரோடு இருக்கவேண்டும் என்பதே அவர்கள் கணக்கு.

சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கவேண்டும் என்று கேட்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் கணக்கு வேறு: அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்கவேண்டும். பிரிட்டனுக்குத் தங்கும் நாள் முழுக்கச் செல்லுபடியானால் போதும். போகும் நாட்டின் தூதரக இணையதளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட்டுக்குப் பணம் கட்டுங்கள்.

அதிகம் பேர் தவறவிடுவது பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை. பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். பொதுவாகச் சிறுவர்களின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டு அல்லது பதினெட்டு வயது, எது முந்துகிறதோ அதுவரைதான். ஒரு பிள்ளையைக் கவுண்டரில் நிறுத்தினால் குடும்பமே நிற்கவேண்டியதுதான். பரீட்சை முடிந்து கோடை விடுமுறைக்குத் திட்டம் போடும்போதே எல்லா பாஸ்போர்ட்டுகளையும் மேசையில் பரப்பித் தேதி பாருங்கள்.

காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே மறுவழங்கலுக்கு விண்ணப்பிக்கலாம். மிச்சமுள்ள மாதங்கள் புதியதில் சேராது என்று சிலர் கடைசிவரை இழுக்கிறார்கள்; அந்த மாதங்கள் பல நாடுகளுக்குப் போக எப்படியும் உதவாதவை. பெரியவர்களுக்கு 36 பக்க பாஸ்போர்ட்டுக்கான கட்டணம் 1,500 ரூபாய். தத்கால் என்றால் கூடுதலாக 2,000. முகவரி மாறியிருந்தால் போலீஸ் விசாரணைக்கும் நாள் ஒதுக்குங்கள். விண்ணப்பிக்கும் இணையதளத்தின் முகவரி ‘ஜிஓவி.இன்’ என்று முடிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அரசு முத்திரையைப் போலக் காட்டிப் பணம் பிடுங்கும் போலித் தளங்களைப் பற்றி வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது.

பழைய பாஸ்போர்ட்டில் ஒட்டிய அமெரிக்க விசாவுக்குக் காலம் மிச்சமிருந்தால் இரண்டையும் சேர்த்து எடுத்துச்செல்லலாம். மின்விசா அப்படியல்ல. பெரும்பாலும் அது பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டது. எண் மாறினால் மறுபடி விண்ணப்பிக்க நேரிடும். வெளிநாட்டில் இருக்கும்போது காலம் முடியப்போகிறது என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலேயே புதுப்பிக்கலாம். அவசரத்துக்கு ஊர் திரும்ப மட்டும் பயன்படும் அவசரச் சான்றிதழும் தருவார்கள்.

பயணம் நின்றேபோனால், ஆவணக் குறைக்காக ஏற்ற மறுத்த விமான நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கமுடியாது. ஆனால் இந்திய விமான நிறுவனங்கள், பணம் திரும்பாத டிக்கெட்டாக இருந்தாலும், அரசு வரிகளையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் திருப்பித்தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. எழுத்தில் கேளுங்கள். பாஸ்போர்ட் நகலை வாங்கிவைத்துக்கொண்டு, விசா முதல் ஹோட்டல் வரை பார்த்துக்கொள்வதாகப் பணம் பெற்ற டிராவல் ஏஜென்ட், பாஸ்போர்ட்டின் காலம் போதாது என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அது சேவைக் குறைபாடு என்று வாதிட இடமுண்டு. ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், ஏற்ற மறுத்ததற்கான கடிதம் ஆகியவற்றோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்யலாம். அங்கே தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம்.